சிகிச்சைக்கு வருபவர் மீது வழக்கு வராது: போதைப்பொருள் சட்டத்தின் 64-ஏ பிரிவு

வேலூர், காட்பாடி, குடியாத்தம் வட்டாரங்களில், மகனுக்குக் கஞ்சாப் பழக்கம் இருப்பது தெரிந்தும் மருத்துவமனைப் பக்கம் போகாமல் வீட்டுக்குள்ளேயே மூடி மறைக்கும் பெற்றோர் அநேகர். ஆஸ்பத்திரியில் சொன்னால் கேஸ் ஆகிவிடும், படிப்பும் வேலையும் கெட்டுவிடும் என்பதே அவர்களுடைய பயம். மத்திய அரசு 2019-இல் வெளியிட்ட தேசிய ஆய்வின்படி, சட்டவிரோதப் போதைப்பொருளுக்கு அடிமையானவர்களில் 20 பேரில் ஒருவருக்குத்தான் ஏதேனும் ஒரு சிகிச்சை கிடைத்திருக்கிறது. அந்தப் பயத்துக்கு இடமில்லாதபடி சட்டத்திலேயே ஒரு வழி வைக்கப்பட்டிருக்கிறது.

1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் 27-ஆம் பிரிவின்படி, போதைப்பொருளை உட்கொள்வதே குற்றம். ஹெராயின், கோகெய்ன், மார்ஃபின் போன்றவற்றுக்கு ஓராண்டு வரை கடுங்காவல், 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். கஞ்சா உள்ளிட்ட மற்றவற்றுக்கு ஆறு மாதம் வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால் அடிமையானவர் தாமாகவே முன்வந்து, அரசு அல்லது உள்ளாட்சி அமைப்பு நடத்தும் அல்லது அங்கீகரித்த மருத்துவமனையில் சிகிச்சை பெற்றால், உட்கொண்டதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ அவர் மீது வழக்குத் தொடர முடியாது என்கிறது 64-ஏ. சிறிய அளவு என்பது கஞ்சாவுக்கு ஒரு கிலோ வரை, ஹெராயினுக்கு ஐந்து கிராம் வரை. அதற்கு மேல் பிடிபட்டவருக்கு இந்தப் பிரிவு கைகொடுக்காது.

முக்கியமான நிபந்தனை ஒன்று உண்டு. சிகிச்சையை முழுமையாக முடிக்காமல் பாதியில் நிறுத்தினால், இந்தப் பாதுகாப்பு ரத்து செய்யப்படலாம். ஆகவே முதல் நாள் ஓ.பி. சீட்டு, மருந்துச் சீட்டுகள், டிஸ்சார்ஜ் சம்மரி ஆகிய எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போட்டுப் பத்திரப்படுத்துங்கள். பின்னாளில் கேள்வி எழுந்தால், சிகிச்சை நடந்ததற்குச் சான்று அந்தத் தாள்கள்தான்.

வேலூர்க்காரர்களுக்கு அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு இருக்கிறது. 2019-இல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தாலும், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டத்தவர் தத்தம் ஊர் அரசு மருத்துவமனையை அணுகினாலும் சட்டப் பாதுகாப்பு ஒன்றேதான். போதைப் பழக்கத்தால் வரும் மனநலக் கோளாறும் 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின் கீழ் வருவதால், நோயாளியின் விவரங்களை ரகசியமாகக் காப்பது மருத்துவமனையின் கடமை. தனியார் மறுவாழ்வு இல்லத்தில் சேர்ப்பதானால் மாநில மனநல ஆணையத்தில் அது பதிவு பெற்றிருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். சங்கிலியால் கட்டிவைப்பதை அதே சட்டம் முற்றிலும் தடை செய்கிறது; அப்படிச் செய்யும் இடத்தில் பிள்ளையை விட்டுவிட்டு வராதீர்கள்.

வலி நிவாரணி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் பழக்கம் மிகவும் கொடியது. ரத்தநாளம் புண்ணாகும், ஊசியைப் பகிர்ந்தால் எச்.ஐ.வி.யும் ஹெபடைடிஸ் சி-யும் தொற்றும், அளவு மீறினால் மூச்சே நின்றுவிடும். முழங்கை மடிப்பில் ஊசித் தழும்பு, வெயில் காலத்திலும் முழுக்கைச் சட்டை, காரணமின்றி மூக்கொழுகலும் உடல்வலியும் கண்டால் அதட்டாமல் பேசுங்கள். பல வருடக் குடியை வீட்டில் வைத்துத் திடீரென நிறுத்துவதும் ஆபத்தே. கைநடுக்கத்தோடு நிற்காமல் வலிப்பு வரை போகலாம் என்பதால், நிறுத்துவதும் மருத்துவர் மேற்பார்வையில் நடக்கவேண்டும்.

நேரில் போகுமுன் பேச விரும்பினால் போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446. மனநல ஆலோசனைக்கு 14416. பதினெட்டு வயது நிறையாத பிள்ளைக்குப் போதைப்பொருள் கொடுத்தவருக்கு, 2015-ஆம் ஆண்டு இளஞ்சிறார் நீதிச் சட்டத்தின் 77-ஆம் பிரிவின்படி ஏழாண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. பிள்ளையைச் சிகிச்சையில் சேர்த்த கையோடு இதற்கும் புகார் கொடுக்கலாம்.