சத்தியம் வாங்காதீர்கள்

இந்த மாதத்தில் இது மூன்றாவது. என்னிடம் சூப்பர்விஷனுக்கு, அதாவது தன் கேஸ்களை மூத்தவரோடு பேசிப் பார்க்க, வரும் ஓர் இளம் மனநல ஆலோசகர் கேஸ் ஷீட்டை நீட்டுகிறார். கடைசி வரியில் அழகான கையெழுத்தில் எழுதியிருக்கிறது: "இனி தற்கொலை பற்றி நினைக்க மாட்டேன் என்று சத்தியம் செய்து கொடுத்தார்." யார் மேல் சத்தியம் என்று கேட்டேன். "அவங்க பையன் மேல, மேடம்."

அந்தப் பெண் அடுத்த சிட்டிங்கில் "நல்லா இருக்கேன்" என்றாராம். அப்புறம் வரவேயில்லை. ஐந்து வாரம் கழித்து வேறோர் ஊரில் அவசரப் பிரிவில் சேர்த்திருக்கிறார்கள். பிழைத்துவிட்டார். ஏன் முன்னாடியே சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "அந்த மேடத்துக்கு வாக்குக் கொடுத்துட்டேன். திரும்பவும் அந்த நினைப்பு வருதுன்னு எந்த முகத்தோட போய்ச் சொல்றது?" என்றாராம். (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.)

நினைப்பு வரக்கூடாது என்று யாரிடமாவது சத்தியம் வாங்க முடியுமா? காய்ச்சலில் கிடப்பவரிடம் 'இனி உடம்பு சுடாதுன்னு கையில அடிச்சுச் சொல்லு' என்று கேட்போமா? நம் ஊரில் சத்தியம் லேசான விஷயம் இல்லை. பிள்ளை தலையில் கை வைத்துச் சொன்னதை மீறினால் பிள்ளைக்கு ஆகாது என்று நிஜமாகவே நம்பும் வீடுகள் இருக்கின்றன. 'நான் எல்லாருக்கும் பாரம்' என்று ஏற்கெனவே குற்ற உணர்வில் புழுங்கும் ஒருவர் தலையில் இன்னொரு மூட்டையை ஏற்றி அனுப்புகிறோம். அந்த நினைப்பு போகாது. வாய்தான் மூடிக்கொள்ளும்.

எழுத்தில் வாங்கினால் சரியாகிவிடும் என்று 'ஒப்பந்தம்' அச்சடித்து வைத்திருப்பவர்களும் உண்டு. உயிரைக் காக்கிறது என்று சொல்ல நல்ல ஆதாரம் எதுவும் இதற்குக் கிடையாது. இதற்கு மூலம் என்று சொல்லப்படும் 1973ஆம் ஆண்டுக் கட்டுரையில் டிரை, குல்டிங் தம்பதி என்ற அமெரிக்க மனநல சிகிச்சையாளர்கள் எழுதியதே வேறு. 'என்ன நடந்தாலும் நான் என்னைக் கொன்றுகொள்ள மாட்டேன்' என்று கிளையன்ட் தனக்குத்தானே சொல்லிப் பார்த்து, உள்ளே என்ன மறுப்பு எழுகிறது என்று கவனிக்க வேண்டும். ஆபத்தை அளக்கும் வழி அது. மருத்துவருக்குக் கொடுக்கும் வாக்குறுதியாக அதை மாற்றிக்கொண்டது பிற்பாடு வந்தவர்கள்.

ஏன் மாற்றினார்கள்? நமக்கு அன்று ராத்திரி தூக்கம் வர வேண்டுமே, அதற்காகத்தான். சத்தியம் வாங்கியதும் நெஞ்சு லேசாகிறதே, அந்த நிம்மதி யாருடையது என்று ஒரு தடவையாவது கேட்டுப் பாருங்கள்.

பயத்தையாவது ஒப்புக்கொள்கிறோம். கோபத்தை ஒப்புக்கொள்வதே இல்லை. வார்டில் "சும்மா மிரட்டுறா", "அட்டென்ஷனுக்குப் பண்றான்" என்று பேசுகிறோமே, அது என்ன நோயறிதலா? கோபம்தான். 1974லேயே மால்ட்ஸ்பெர்கர், பூயி என்ற இரண்டு அமெரிக்க மனநல மருத்துவர்கள் இதை வெளிப்படையாக எழுதினார்கள்: தற்கொலை எண்ணத்தோடு வருபவர்மீது சிகிச்சையாளருக்கு வெறுப்பு வரும், அதில் ஆத்திரமும் இருக்கும், விலகி ஓடும் ஆசையும் இருக்கும். அதை ஒப்புக்கொண்டு தாங்கினால் ஆபத்து குறையும் என்றார்கள். என்னைக் கேட்டால் ஆத்திரத்தைவிட அந்த விலகல்தான் பொல்லாதது. ஆத்திரம் முகத்தில் தெரிந்துவிடும். விலகல் 'ரொம்ப பிஸி' என்ற வேஷத்தில் வரும்.

என் கதையையே சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன் ஓர் இளைஞர் என்னிடம் வந்துகொண்டிருந்தார். சனிக்கிழமை ராத்திரி ஆனால் போன் வரும். ஒரு நாள் அவர் அப்பாயின்ட்மென்டுக்கு வரவில்லை. எனக்கு அப்பாடா என்று இருந்தது. ஏன் வரவில்லை என்று அன்றே கூப்பிட்டிருக்க வேண்டும். மூன்று நாள் 'மறந்துவிட்டேன்'. மறதி என்று நானே நம்பினேன். நல்லவேளை, அவராகவே வந்தார்.

சரி, என்ன செய்வது? சத்தியம் கேட்க நாக்கு துறுதுறுத்தால் நிறுத்துங்கள். ஒரு மூச்சு விடுங்கள். எனக்கு இப்போது பயமா, கோபமா, அலுப்பா என்று பாருங்கள். அப்புறம் நேராகக் கேளுங்கள்: "சாகணும்னு தோணுதா? எப்படின்னு யோசிச்சிருக்கீங்களா?" கேட்டால் எண்ணத்தை விதைத்துவிடுவோம் என்ற பயத்தை இன்னும் எத்தனை பட்டறையில்தான் உடைப்பதோ தெரியவில்லை.

ஒப்பந்தத்துக்குப் பதில் ஸ்டான்லி, பிரவுன் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் வகுத்த பாதுகாப்புத் திட்டத்தைக் கையில் எடுங்கள். எண்ணம் வலுக்கும்போது முதலில் என்ன தெரியும், தனியாக எப்படித் தாக்குப்பிடிப்பது, மனம் மாற எங்கே, யாரிடம் போவது, யாரிடம் வாய்விட்டு உதவி கேட்பது, எந்த எண்ணை அழைப்பது, வீட்டில் ஆபத்தான பொருளை யாரிடம் ஒப்படைப்பது. அவர் வார்த்தையிலேயே எழுதுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலிமனாஸ் 14416 இருபத்துநான்கு மணி நேரமும் இருக்கிறது, அதையும் சேருங்கள். 'ராத்திரி ரெண்டு மணிக்கும் நான் எடுப்பேன்' என்று மட்டும் சொல்லாதீர்கள். அதுவும் சத்தியம்தான், இந்தத் தடவை நீங்கள் செய்வது. ஒரு நாள் தூங்கிவிடுவீர்கள்.

இப்படிப்பட்ட கேஸ்களை வரிசையாக எடுக்காதீர்கள். எடுத்தால் அன்றே சீனியர் ஒருவரிடம் பேசுங்கள். 'கேஸ் எப்படிப் போச்சு' என்பதோடு, 'எனக்கு உள்ளே என்ன ஓடிச்சு' என்பதையும் சொல்லுங்கள், தயவுசெய்து.

அந்தக் கேஸ் ஷீட்டைப் பார்த்ததும் நான் அந்த ஆலோசகரைக் கடுமையாகத் திட்டிவிட்டேன். அவர் தலை குனிந்து "இனிமே வாங்க மாட்டேன் மேடம், பிராமிஸ்" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஐந்து வாரமாக அவர் எப்படித் தூங்கினார் என்று நான் கேட்கவேயில்லை. நாளைக்குச் சாயங்காலம் வரச் சொல்லியிருக்கிறேன், ஷீட் இல்லாமல்.