ஒரே தெரு, இரண்டு மூடி

சென்னையில் ஏதாவது ஒரு தெருவில் நின்று தரையைப் பாருங்கள். நடுவில் வட்டமாக ஒரு மூடி இருக்கும். ஓரத்தில் சிமென்ட் பலகை போட்டு மூடிய வடிகால். மூடி வழியே கழிவுநீர் பொங்கினால் குடிநீர் வாரியம் வர வேண்டும். வடிகால் அடைத்து மழைநீர் நின்றால் மாநகராட்சி வர வேண்டும். தண்ணீருக்கு இதெல்லாம் தெரியாது, இரண்டும் கலந்து வீட்டுக்குள் வந்துவிடும். தெருக்காரர்கள் போய் நிற்பதோ கவுன்சிலர் வீட்டு வாசலில்தான்.

அந்தக் கவுன்சிலரின் கையில் என்ன இருக்கிறது? 200 வார்டுகள், வார்டுக்கு ஒருவர். பாதி இடங்கள் பெண்களுக்கு. இவர்கள் கூடுவதுதான் மாமன்றம். மேயரை 1996, 2001, 2011 தேர்தல்களில் மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். 2006-லும் 2022-லும் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுத்தார்கள்.

சிவப்பு அங்கியும் சங்கிலியும் அணிந்து மன்றத்தை நடத்துபவர் மேயர். ஆனால் நிர்வாகம் ஆணையரிடம். அவர் ஐ.ஏ.எஸ். அதிகாரி, மாநில அரசு நியமிப்பவர். மன்றம் தீர்மானம் போடும், ஆணையர் நிறைவேற்றுவார். அவரை அனுப்புவதும் மாற்றுவதும் மன்றத்தின் கையில் இல்லை. என் கணக்கில் மொத்த அமைப்பின் முடிச்சும் இங்கேதான்.

சரி, வடிகாலுக்கு வருவோம். நகரம் பல மண்டலங்களாகப் பிரிந்திருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் அந்தந்தக் கவுன்சிலர்கள் சேர்ந்த ஒரு வார்டு குழு, அதற்கொரு தலைவர். கவுன்சிலர் அங்கே பேச்சை எடுப்பார். மண்டலப் பொறியாளர் வந்து அளந்து மதிப்பீடு போடுவார். தொகை சிறியது என்றால் கீழேயே முடிந்துவிடும். பெரியது என்றால் மேலே மன்றம்வரை போகும், அப்புறம் டெண்டர். தெரு உட்புறச் சாலையாக இருந்தால்தான் இந்த வழி. பேருந்து ஓடும் சாலை என்றால் மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகையில் அதற்கென்றே தனித்துறை இருக்கிறது. சில பெரிய சாலைகள் மாநகராட்சியுடையவையே அல்ல, நெடுஞ்சாலைத் துறையுடையவை.

மன்றமே இல்லாவிட்டால்? அதையும் சென்னை பார்த்துவிட்டது. ஒரு மன்றத்தின் ஆயுள் ஐந்து வருடம், அது முடிவதற்குள் அடுத்த தேர்தலை நடத்த வேண்டும் என்கிறது அரசியலமைப்பு. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த கவுன்சிலர்கள் பதவியேற்றது 2022 மார்ச்சில். இடைப்பட்ட காலத்தில் மன்றத்தின் அதிகாரமும் தனி அதிகாரி என்ற பெயரில் ஆணையரிடமே இருந்தது. குப்பை அள்ளினார்கள், விளக்கு எரிந்தது, டெண்டரும் போனது. ஏன் இந்தத் தெருவுக்கு இன்னும் வடிகால் இல்லை என்று எழுந்து கேட்க மட்டும் அந்த மண்டபத்தில் ஆள் இல்லை.