ஊனச் சான்றிதழில் 45 சதவீதம் என்றால் இழப்பீடும் 45 சதவீதமா?

சாலை விபத்தில் கால் முறிந்தவருக்கு மருத்துவக் குழு ‘வலது காலில் 45 சதவீத ஊனம்’ என்று சான்று தருகிறது. குடும்பத்தார் அந்த 45-ஐ வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். காப்பீட்டு நிறுவனத் தரப்போ, அது ஒரு காலுக்கான அளவு, முழு உடலுக்கு 15தான் என்கிறது. விபத்து இழப்பீட்டு வழக்குகளை விசாரிக்கும் தீர்ப்பாயம் கேட்க வேண்டிய கேள்வி வேறு: இந்தக் காலோடு இவர் தன் தொழிலில் இனி எவ்வளவு சம்பாதிக்க முடியும்?

ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் (2010) உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. இடது கையை இழந்தவர் ஓட்டுநரோ தச்சரோ என்றால் வருமான இழப்பு ஏறக்குறைய நூறு சதவீதம். அரசு எழுத்தர் என்றால் வேலையே போகாமல் இருக்கலாம்.

மாதம் 18,000 ரூபாய் சம்பாதித்த, 32 வயது லோடு வேன் ஓட்டுநரை எடுத்துக்கொள்வோம். எதிர்கால வருமான உயர்வுக்கு 40 சதவீதம் சேர்த்தால் 25,200. ஆண்டுக்கு 3,02,400. ஆண்டு வருமானத்தை எத்தனையால் பெருக்குவது என்று வயதை வைத்து முடிவாகும் எண்தான் பெருக்கி. அந்த வயதுக்கு அது 16, ஆக 48,38,400. இதில் 15 சதவீதம் என்றால் 7,25,760 ரூபாய். கிளட்ச்சை மிதிக்க முடியாது, மூட்டை தூக்க முடியாது என்று நிரூபித்து 60 சதவீதம் பெற்றால் 29,03,040. சிகிச்சைச் செலவு, வலி வேதனை, உடனிருந்து கவனித்தவருக்கான தொகை எல்லாம் இதற்கு மேல் தனி. மரண வழக்கில் செய்வதுபோல் சொந்தச் செலவு என்று மூன்றில் ஒரு பங்கைக் கழிக்கும் தவறும் நடக்கிறது. காய வழக்கில் அந்தக் கழிவு கிடையாது.

ஆகவே சான்றிதழை மட்டும் தாக்கல் செய்துவிட்டு இருந்துவிடாதீர்கள். அறுவை சிகிச்சை செய்த எலும்பு மருத்துவரே சாட்சி சொன்னால் அதன் எடை வேறு. முழங்கால் எத்தனை டிகிரி மடங்குகிறது, கால் எவ்வளவு குட்டையாகியிருக்கிறது, குந்தி உட்கார முடியுமா என்பதெல்லாம் பதிவாக வேண்டும். ஓட்டுநர் உரிமம், வங்கிக் கணக்கு விவரம், வேலை கொடுத்தவரின் சாட்சியம் மூன்றும் தொழிலையும் வருமானத்தையும் காட்டும்.

இவற்றுக்கெல்லாம் முன்னே நிற்பது மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகல், அதாவது ஏ.ஆர். காப்பி. தூக்கி வந்தவர் பதற்றத்தில் ‘வண்டியிலிருந்து விழுந்துட்டார்’ என்று சொன்னால் அதுவே பதிவாகிவிடும். மோதிய லாரியின் எண் பிறகு முதல் தகவல் அறிக்கையில் வந்தாலும், இந்த ஒரு வரியை வைத்தே வழக்கை உடைக்கப் பார்ப்பார்கள். நகலை உடனே வாங்கிப் படியுங்கள். தவறு இருந்தால் காவல் துறை வாக்குமூலத்தில் தாமதமின்றி விளக்குங்கள். வாரக்கணக்கில் கழித்துச் சொல்லும் விளக்கத்தை யாரும் எளிதில் நம்புவதில்லை.

மோட்டார் வாகனச் சட்டம் 166(3)-இன்படி விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும். இந்த வரம்பு 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. போலீஸ் அறிக்கை தானாகத் தீர்ப்பாயத்துக்குப் போய்விடும் என்று காத்திருக்க வேண்டாம். விபத்து ஆந்திராவில் நடந்திருந்தாலும் நீங்கள் வசிக்கும் மதுரையிலேயே தாக்கல் செய்யலாம்.

மக்கள் நீதிமன்றத்தில் சமரசமானால் பணம் சீக்கிரம் கிடைக்கும், ஆனால் மேல்முறையீடு கிடையாது. எலும்பில் வைத்த பிளேட்டை எடுக்கும் அறுவை சிகிச்சை பாக்கியிருந்தால், கையெழுத்துப் போடும் முன்பே அதன் செலவு மதிப்பீட்டை மருத்துவமனையிடம் எழுத்தில் வாங்கித் தொகையில் சேர்க்கச் சொல்லுங்கள்.