புனர்கேஹம்: கையெழுத்துப் போடும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

கேரளத்தின் தென்கோடியில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டியிருக்கும் பொழியூரிலும் தெக்கே கொல்லங்கோட்டிலும் ஆனி, ஆடியில் கடல் ஏறத் தொடங்கினால் வீட்டுக்கு வீடு ஒரே பேச்சுதான். கரையை விட்டு வீடு மாற அரசு பணம் தரும் புனர்கேஹம் திட்டத்துக்கு எழுதிக் கொடுப்பதா, இன்னும் ஒரு வருஷம் பார்ப்பதா? பத்து லட்சம் கிடைக்கும் என்பது எல்லோருக்கும் தெரிகிறது. அது எப்படிக் கணக்கிடப்படுகிறது, அதற்குப் பதிலாக நாம் எதை விடுகிறோம் என்பது பலருக்குத் தெரியவில்லை. காகிதம் எல்லாம் மலையாளத்தில் வருவதால், தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த பெரியவர்கள் அடுத்தவர் சொன்னதை நம்பிக் கையெழுத்துப் போடுகிறார்கள். அவர்களுக்கும், அவர்களுக்கு எடுத்துச் சொல்லப்போகும் பிள்ளைகளுக்கும் இது.

புனர்கேஹம் கேரள மீன்வளத்துறையின் திட்டம். உயர் அலைக்கோட்டிலிருந்து, அதாவது கடல் நீர் ஏறி நிற்கும் எல்லையிலிருந்து, 50 மீட்டருக்குள் வசிக்கும் மீனவக் குடும்பங்களைப் பாதுகாப்பான இடத்துக்கு மாற்றுவதற்காக 2019-இல் அறிவிக்கப்பட்டது. மதிப்பீடு 2,450 கோடி ரூபாய். அதில் 1,398 கோடி முதலமைச்சரின் நிவாரண நிதியிலிருந்தும், 1,052 கோடி மீன்வளத்துறையிலிருந்தும் என்று வகுத்தார்கள். 18,685 குடும்பங்களை மனதில் வைத்துத் தொடங்கிய திட்டம் இது. மாறித்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சம்மதம் எழுதிக் கொடுத்தால்தான் வேலை நகரும்.

பத்து லட்சம் என்பது உச்ச வரம்பு. நிலம் வாங்க 6 லட்சம் வரை, வீடு கட்ட 4 லட்சம் வரை. கட்டி முடித்த வீட்டை நிலத்தோடு வாங்கினாலும் மொத்தத்தில் அதே 10 லட்சம்தான். மூன்றாவது வழி, அரசே கட்டித் தரும் அடுக்குமாடி வீடு. நம் பக்கத்துக் காரோட்டில் 128, பீமாபள்ளியில் 20, கொல்லத்தில் 114, பொன்னானியில் 128 என்று 390 வீடுகளை இப்படிக் கட்டினார்கள். திருவனந்தபுரம் முட்டத்தறையில் 332 வீடுகள் 2025 ஆகஸ்டில் திறக்கப்பட்டன.

நிலக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். நீங்கள் பார்த்து வைத்திருக்கும் இடம் சென்ட் மூன்று லட்சம் என்றால் 6 லட்சத்துக்கு இரண்டே சென்ட். மூன்று சென்ட் வேண்டுமென்றால் மூன்று லட்சம் கையிலிருந்து போக வேண்டும். நாலு லட்சத்தில் வீடு எழும்புமா என்பது அடுத்த கேள்வி. கூடுதல் பணத்துக்கு வட்டிக்கு வாங்கினால், கடலுக்குப் பயந்து வந்தவன் கடனுக்குப் பயந்து வாழ வேண்டியதாகிவிடும். அதனால் நிலத்தைப் பேசி முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் மத்ஸ்யபவனுக்கு, அதாவது மீன்வளத்துறையின் உள்ளூர் அலுவலகத்துக்குப் போய் இரண்டு விஷயம் கேளுங்கள். இந்த இடத்தையும் இந்த விலையையும் ஏற்றுக்கொள்வீர்களா? பத்திரச் செலவு யார் பொறுப்பு? வாய்ச்சொல்லோடு விடாதீர்கள், மனுவாக எழுதிக் கொடுத்து, சீல் போட்ட நகலை வாங்கி வையுங்கள்.

இனி நாம் விடுவது. கரையில் இருக்கும் வீட்டையும் அது நிற்கும் இடத்தையும் அரசுக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். வீட்டை இடித்துவிட்டு அங்கே மரம் நட்டுப் பசுமை அரண் வளர்ப்பதுதான் திட்டம். மகனுக்கு ஒரு பாதி, மகளுக்கு ஒரு பாதி என்று கணக்கு வைத்திருக்கும் அம்மாமார் இதை முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது. ஒரே கூரையின் கீழ் இரண்டு மூன்று குடும்பங்கள் இருந்தால், எத்தனை குடும்பமாகத் திட்டத்தின் பயனாளிப் பட்டியலில் ஏறியிருக்கிறது என்று பாருங்கள். ஒன்றாக ஏறியிருந்தால் வருவதும் ஒரு தொகைதான்.

என் மனதை மிகவும் அரிப்பது தொழில். கரையிலே வீடு இருப்பவர் விடியுமுன்னே வாசலில் நின்று நீரோட்டத்தைப் பார்த்து, இறங்கலாமா வேண்டாமா என்று முடிவெடுப்பார். கரமடி வலையைக் கரையில் நின்று இழுக்க ஆள் கூப்பிட்டால் ஓடி வந்துவிடலாம். வள்ளத்திலிருந்து கழற்றிய எஞ்சினைத் தோளில் தூக்கி வந்து திண்ணையில் சாய்த்து வைப்பார்கள். பக்கத்திலேயே மண்ணெண்ணெய் கேன், கிழிந்த வலை, நூல் கண்டு. பொழியூரில் பெரியவர் ஒருவர் கேட்டார்: "பிளாட்டு நல்லாத்தான் இருக்கு மக்கா. எஞ்சின மாடிக்கா சுமந்து ஏத்த?" சரியான கேள்வி. அடுக்குமாடிக்குச் சம்மதிக்கிறவர்கள் எஞ்சினும் வலையும் வைக்கத் தனி இடம் உண்டா, மீன் சுமந்து விற்கப் போகும் பெண்களுக்குக் காலை வண்டி உண்டா என்று கேட்டுவிட்டுச் சம்மதியுங்கள். இது பேராசை இல்லை, வயிற்றுப்பாடு.

அப்படியானால் இருந்த இடத்திலேயே இருந்துவிடலாமா? அதற்கும் சட்டம் உண்டு. மத்திய அரசின் 2019 கடலோர ஒழுங்காற்று அறிவிக்கையின்படி, சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வசிக்கும் கிராமப்புறக் கரையில் 50 மீட்டர் வரையும், அதைவிட நெருக்கம் குறைந்த இடங்களில் 200 மீட்டர் வரையும் புதிய கட்டுமானம் கூடாத பகுதி. அனுமதி பெற்ற பழைய வீட்டைப் பெரிதாக்காமல் பழுதுபார்க்கலாம். ஆனால் கடல் அடித்துப் போன வீட்டின் இடத்தில் இன்னொன்றைக் கட்டிக்கொள்ளலாம் என்று நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம்.

இன்னொரு சிக்கல், பட்டியல் ஒரு நாளின் கணக்கு. கரை அப்படி நிற்பதில்லை. கணக்கெடுப்பின்போது 50 மீட்டருக்கு வெளியே இருந்த வீட்டின் பக்கத்தில் இன்று அலை வந்து நிற்கலாம். 2024 மார்ச் 31-ஆம் தேதி கள்ளக்கடல், அதாவது இங்கே காற்றோ புயலோ இல்லாமல் திடீரென்று பொங்கும் கடல், ஏறியதை நம் கரையில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பட்டியலில் பெயர் இல்லாதவர்கள் ஒவ்வொரு முறை கடல் ஏறும்போதும் தேதி தெரிகிற மாதிரி படம் எடுத்து, வில்லேஜ் ஆபீசில் மனு கொடுத்து, மத்ஸ்யபவனிலும் கலெக்டரிடமும் மறு அளவை கேளுங்கள். ஆதாரத்தின் (நிலப் பத்திரத்தின்) நகல், கரம் (நிலவரி) தீர்த்த ரசீது, ரேஷன் கார்டு, ஆதார் அட்டை, மீனவர் நலநிதி பாஸ்புக் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, கரையை விட்டு உள்ளே தள்ளி இருக்கும் சொந்தக்காரர் வீட்டில் கொடுத்து வையுங்கள்.

எல்லைக்கு அந்தப் பக்கம் நீரோடி, மார்த்தாண்டன்துறை, வள்ளவிளையில் இருக்கும் நம் சொந்தங்களுக்கு இந்தத் திட்டம் கிடையாது. 1956 நவம்பர் 1-இல் அந்தப் பக்கத்து விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்தோடும் நம் பக்கத்து நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தோடும் போனது. அதே அலை இரண்டு கரையையும் தின்றாலும் உதவி ரேஷன் கார்டைப் பார்த்துத்தான் வருகிறது. மத்திய அரசின் பேரிடர்ப் பட்டியலில் புயல், வெள்ளம், சுனாமி எல்லாம் உண்டு, கடலரிப்பு இல்லை. கேரளம் அதைத் தன் மாநிலப் பேரிடராகச் சேர்த்துக்கொண்டிருக்கிறது. நீரோடிப் பக்கத்தில் வீடு இழந்தவர்கள் மனு எழுதும்போது கடலரிப்பு என்று மட்டும் எழுதாமல், அன்றைக்குப் புயலோ வெள்ளமோ இருந்திருந்தால் அதைத் தேதியோடு குறிப்பிடுங்கள். சமவெளியில் முழுதாக இடிந்த வீட்டுக்குப் 2022-26 பேரிடர் நிதி விதியில் சொல்லியிருக்கும் 1,20,000 ரூபாயைக் கேட்க அது உதவும். கல்யாணம் செய்து எல்லை தாண்டி வந்தவர்கள், ரேஷன் கார்டில் பெயர் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை இந்த வாரமே பார்த்துச் சரிசெய்துவிடுங்கள்.