சோளப்பயிர் எப்போது நஞ்சு, எப்போது தீனி?

கொங்கு நாட்டின் மானாவாரிக் காடுகளில் கோடை முழுக்க மாடுகளைக் காப்பாற்றுவது சோளத்தட்டுதான். ஆனால் அதே சோளம் முழங்கால் உயரத்தில் வாடி நிற்கும்போது மேய்ந்தால், நல்ல கறவை மாடு அரை மணி நேரத்துக்குள் விழுந்துவிடும். மூச்சு வாங்கும், வாயில் நுரை தள்ளும், கால் பின்னும், அப்புறம் இழுப்பு வரும். பாம்பு கடித்திருக்குமோ என்று தேடுவார்கள். ஈறு நல்ல சிவப்பாக இருந்தால் சோளத்தைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

சோள இலையில் துர்ரின் என்றொரு பொருள் இருக்கிறது. அது தனியாக இருக்கும்வரை ஆபத்து இல்லை. அதை உடைக்கும் நொதியும் அதே இலையில்தான் இருக்கிறது, ஆனால் வேறு செல்களில். தீக்குச்சியும் பெட்டியின் பட்டையும் போல இரண்டும் பிரிந்தே இருக்கின்றன. மாடு மென்றதும் செல்கள் நசுங்கி இரண்டும் கலக்கின்றன, ஹைட்ரஜன் சயனைடு கிளம்புகிறது. அசையூண் இரைப்பையில் உள்ள நுண்ணுயிர்களும் இந்த வேலையைச் செய்கின்றன. அதனால்தான் ஆடு மாடுகளுக்குப் பாதிப்பு அதிகம்.

சயனைடு செல்லின் மூச்சை நிறுத்துகிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் நிறைய இருந்தும் செல்களால் அதைப் பயன்படுத்த முடியாது. ரத்தம் பளிச்சென்று சிவந்திருப்பது அதனால்தான். மாட்டின் எடையில் கிலோவுக்குச் சுமார் 2 மில்லிகிராம் போதும், உயிர் போய்விடும். 300 கிலோ மாட்டுக்கு 600 மில்லிகிராம். பச்சைப் பயிரில் கிலோவுக்கு 200 மில்லிகிராம் நஞ்சு இருந்தால், மூன்றே கிலோவில் கதை முடிந்தது. கால்நடை மருத்துவர் உடனே வந்து தயோசல்பேட் ஊசி போட்டால் பிழைக்க வழியுண்டு.

நஞ்சு எப்போது ஏறுகிறது என்பதுதான் முக்கியம். இளம்பயிரில், அதிலும் குருத்திலும் மேல் இலைகளிலும் அதிகம். மழை இல்லாமல் வளர்ச்சி நின்றால் கூடும். யூரியா போட்ட காட்டில் இன்னும் கூடும், ஏனென்றால் துர்ரினில் நைட்ரஜன் இருக்கிறது. வறட்சிக்குப் பின் ஒரு மழை பெய்ததும் அடிக்கட்டையிலிருந்து பச்சைப்பசேலென்று மறுதாம்பு கிளம்புமே, பார்க்க ஆசையாக இருக்கும், அதுதான் மிகவும் மோசம். பயிர் பூப்பதற்குள் நஞ்சு வெகுவாகக் குறைந்துவிடும். கோ எஃப்.எஸ். 29 போன்ற பலமுறை அறுக்கும் ரகத்தில்கூட முதல் அறுப்பை 65 நாளுக்கு மேல் வைக்கச் சொல்வது இதை ஒட்டித்தான்.

அறுத்துக் காயப்போடுவது இன்னும் நல்லது. ஹைட்ரஜன் சயனைடு ஏறக்குறைய 26 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகும். நம் தை, மாசி வெயிலில் அது பெரும்பாலும் பறந்துவிடும். லேசாக வாடினால் மட்டும் போதாது, தட்டு சலசலக்கும்வரை காய வேண்டும். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. சோளப்பயிரில் சேரும் இன்னொரு நஞ்சான நைட்ரேட் காய்ந்தாலும் போகாது, அது தண்டின் அடியில் தங்கிவிடும்.

இதில் மாட்டின் பசிக்கும் பங்குண்டு. கொஞ்சம் கொஞ்சமாக வரும் சயனைடை ஈரல் கந்தகத்தோடு சேர்த்து நஞ்சில்லாததாக மாற்றிவிடும். வெறும் வயிற்றில் அவசர அவசரமாக மேயும்போதுதான் ஈரலுக்கு அவகாசம் கிடைப்பதில்லை. தட்டுப்போர் தீர்ந்து, மாடு மெலிந்து, அப்போதுதான் முதல் மழை பெய்து, காட்டில் தளிர் எழும்பும் நாட்களைப் பாருங்கள். பயிரில் நஞ்சு உச்சத்தில், மாட்டின் பசியும் உச்சத்தில். அந்த நாட்களில் வைக்கோலோ தட்டோ போட்டு வயிற்றை நிரப்பிய பிறகே மாட்டை அவிழ்க்க வேண்டும்.

ஆகவே தட்டுப்போரின் அளவைத் தையிலேயே கணக்குப் போடுவது நல்லது. ஒரு மாட்டுக்கு நாளுக்கு 5 கிலோ என்றால், 150 நாளுக்கு 750 கிலோ தட்டு. புதுப் பயிர் பூக்கும் நாள் அதையும் தாண்டிப் போகும் என்று தெரிந்தால், அதற்கும் சேர்த்து இப்போதே வாங்கிப் போட்டுவிட வேண்டும்.