மூன்று திரைக்கும் நடுவே ஒரு கண்

அண்ணன் மகன் கார் பந்தய கேம் ஆடுவதற்காக, மூன்று மானிட்டர் வைத்த கணினி ஒன்றைப் போன கோடை விடுமுறையில் இருவரும் சேர்ந்து அசெம்பிள் செய்தோம். திரையில் தெரியும் படத்தை வரைந்து தரும் கிராபிக்ஸ் கார்டின் டப்பாவைப் பிரிக்க அவனுக்குக் கை பரபரத்தது. நான் முதலில் எடுக்கச் சொன்னது அளக்கும் டேப்பை. நாற்காலியில் அவனை உட்கார வைத்து, ஸ்டியரிங்கைப் பிடிக்கச் சொல்லி, அவன் கண்ணிலிருந்து நடு மானிட்டர் வரை அளந்தேன். 60 செ.மீ. அந்த 27 அங்குல மானிட்டரின் அகலமும் ஏறத்தாழ அதே 60 செ.மீ. தான். இந்த இரண்டு எண்களிலிருந்து பக்கத்து மானிட்டர்களை எவ்வளவு திருப்ப வேண்டும் என்பது தெரியும். அதிலிருந்து கேமுக்குள் உலகைப் பார்க்கும் கற்பனை கேமரா எத்தனை, எவ்வளவு பெரிய கார்டு, கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ். எத்தனை வாட், கடைசியில் அறை எவ்வளவு சூடாகும் என்பது வரை கணக்குப் போட்டுவிடலாம்.

பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கையில் உள்ள பணத்துக்குப் பெரிய கார்டாக வாங்கிவிட்டு, மானிட்டர்களை மேஜையில் வரிசையாக வைத்துவிட்டு, "என்னவோ படம் இழுத்த மாதிரி தெரிகிறதே" என்று வருத்தப்படுகிறார்கள். பணம் வீணாவதைப் பார்க்க மனசு கேட்பதில்லை. அதனால் கண்ணிலிருந்தே தொடங்குகிறேன்.

நம் இரண்டு கண்களும் சேர்ந்து பக்கவாட்டில் ஏறத்தாழ 200 டிகிரி பார்க்கின்றன. ஆனால் மிகத் துல்லியமாகத் தெரிவது நடுவில் இரண்டு டிகிரி மட்டுமே. கையை நீட்டிக் கட்டைவிரலை உயர்த்தினால் அதன் அகலம் எவ்வளவோ, அவ்வளவுதான். மீதியெல்லாம் மங்கல். அந்த மங்கலான ஓரத்துக்கு ஒரு திறமை உண்டு: அசைவைச் சட்டென்று பிடித்துவிடும். ரயில் நிலையத்தில் பக்கத்துத் தண்டவாளத்து ரயில் கிளம்பும்போது நம் ரயில்தான் கிளம்புகிறது என்று ஒரு கணம் தோன்றுமே, அதற்கு முக்கியக் காரணம் கண்ணின் ஓரத்தில் ஓடும் அந்த அசைவுதான். கார் ஓட்டும்போது வேகத்தை உணர்வதில் பெரும் பங்கு, பக்கத்தில் பின்னோக்கி ஓடும் மரங்களுக்கும் வேலிகளுக்கும் உண்டு. 60 செ.மீ. தொலைவில் உள்ள ஒரு 27 அங்குலத் திரை கண்ணில் 53 டிகிரியைத்தான் நிரப்பும். மூன்று திரை என்றால் 159 டிகிரி. ஓரக்கண்ணுக்கு இப்போது வேலை வந்துவிட்டது.

இனிமேல்தான் சிக்கல். கணினி ஒரு முப்பரிமாண உலகத்தைத் தட்டையான திரையில் எப்படி வரைகிறது? வீட்டு ஜன்னல் கண்ணாடி முன் நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, தலையை அசைக்காமல், வெளியே தெரியும் மரத்தையும் மதிலையும் மார்க்கர் பேனாவால் கண்ணாடி மேலேயே வரைவதாக வைத்துக்கொள்ளுங்கள். கேமும் இதைத்தான் செய்கிறது. உலகின் ஒவ்வொரு புள்ளியையும் அது இருக்கும் தொலைவால் வகுத்து, கண்ணாடியில் எங்கே விழும் என்று கண்டுபிடிக்கிறது. தூரத்தில் உள்ளது சிறிதாவது இந்த வகுத்தலால்தான்.

இந்த முறையில் ஒரு குணம் உண்டு. நடுவிலிருந்து விலக விலகப் படம் இழுபடும். நேர்ப் பார்வையிலிருந்து 60 டிகிரி தள்ளியிருக்கும் ஒரு பந்து, கண்ணாடியில் அகலத்தில் 4 மடங்கும் உயரத்தில் 2 மடங்கும் பெரிதாக விழும். அதே இடத்தில் நின்று, அதே நேரான கண்ணாடியில் பார்த்தால் இது தவறாகத் தெரியாது. சாய்வாகப் பார்ப்பதால் இழுபட்டது மறுபடி சுருங்கி, பந்து உருண்டையாகவே தெரியும். நாமோ பக்கத்து மானிட்டர்களை நம்மைப் பார்த்துத் திருப்பி வைக்கிறோம். கண்ணாடியை மடக்கியாயிற்று, ஆனால் ஓவியம் மடங்காத கண்ணாடிக்காக வரைந்தது. அங்கேதான் எல்லாம் கெடுகிறது.

எவ்வளவு கெடும் என்று அன்று ஒரு தாளில் போட்டுப் பார்த்தோம். மூன்று திரையையும் ஒரே அகலப் படமாக எண்ணி, ஒற்றை கேமராவில் 159 டிகிரி வரைந்தால், நடுத் திரைக்குள் மட்டும் 122 டிகிரி போய்த் திணிகிறது. பக்கத்துத் திரைகள் ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது 18.5 டிகிரி. வர வேண்டியது மூன்றுக்கும் தலா 53. நடுவில் முன்னால் போகும் கார் எறும்பு அளவுக்குச் சுருங்கி எங்கேயோ தெரிகிறது, பக்கத்தில் வரும் கார் ரப்பர் போல நீள்கிறது. வளைவு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்ற கணிப்பே தப்பிப் போகும். பிரேக் எங்கே போடுவது என்று பந்தய ஓட்டுநருக்குத் தெரியாமல் போனால் அப்புறம் என்ன இருக்கிறது?

தீர்வு, மூன்று கேமரா. ஒரே கண் இருக்கும் இடத்தில் மூன்று கேமராக்களை நிறுத்தி, ஒன்று நேராகவும், மற்ற இரண்டும் இடமும் வலமுமாக 53 டிகிரி திரும்பியும் பார்க்கும்படி செய்தால், ஒவ்வொரு மானிட்டரும் தனி ஜன்னல் ஆகிவிடும். மானிட்டர்களையும் அதே 53 டிகிரிக்குத் திருப்பிவிட்டால் மூன்று ஜன்னல்களும் ஒரே உலகத்தைக் காட்டும். பந்தய சிமுலேட்டர்கள் பலவற்றில் இதற்கான அமைப்பு உண்டு: திரையின் அகலம், கண்ணின் தூரம், திருப்பிய கோணம், மானிட்டரைச் சுற்றியுள்ள சட்டத்தின் அகலம் என்று கேட்கும். சட்டத்தைக் கேட்பது ஏனென்றால், ஜன்னல் கம்பிக்குப் பின்னாலும் உலகம் தொடர்கிறது அல்லவா? அந்தப் பகுதியைக் கணினி மறைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் நேரான சாலை மானிட்டர் சந்திக்கும் இடத்தில் ஒடிந்து தெரியும்.

இப்போது பிக்சலுக்கு, அதாவது திரையில் படத்தை உருவாக்கும் சிறு புள்ளிகளுக்கு வருவோம். எங்கள் மானிட்டர்கள் ஒவ்வொன்றும் 2560க்கு 1440. மூன்றுக்கும் சேர்த்து 1 கோடியே 10 லட்சம் பிக்சல்கள். ஒரு 4கே திரையில் இருப்பது சுமார் 83 லட்சம். ஆக, இது அதைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதல். விநாடிக்கு 144 படம் வேண்டுமானால் ஒரு படத்துக்குக் கிடைக்கும் நேரம் 6.9 மில்லி விநாடி. கண் இமைக்கும் நேரம் என்கிறோமே, அதற்கே பத்தில் ஒரு விநாடிக்கு மேல் ஆகும்; அதற்குள் 14 படம் போட்டு முடித்திருக்க வேண்டும். ஒரு விநாடிக்கு 159 கோடி பிக்சல்களுக்கு வெளிச்சம், நிழல், தார்ச் சாலையின் சொரசொரப்பு எல்லாம் கணக்கிட்டு நிறம் தர வேண்டும்.

இது நாற்று நடவு மாதிரியான வேலை. ஒரு ஆள் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் தனியாக ஒரு ஏக்கரை நட்டு முடிக்க முடியாது. வரிசையாக இறங்கி நட ஆள் வேண்டும், ஒருவர் நடுவது அடுத்தவருக்காகக் காத்திருக்கவும் கூடாது. பிக்சல்களும் பெரும்பாலும் அப்படித்தான், ஒன்றின் நிறத்துக்காக இன்னொன்று காத்திருக்கத் தேவையில்லை. அதனால்தான் கணினியின் மூளையான பிராசஸரில் கணக்குப் போடும் கோர்கள் எட்டு இருக்க, அண்ணன் செகண்ட் ஹேண்டில் வாங்கிக் கொடுத்த ஆர்டிஎக்ஸ் 4090 கார்டில் 16,384 கோர்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் எளிய ஆள். கூட்டமாக இறங்கும்போதுதான் பலம். 

கார்டின் மெமரியைப் பற்றி ஒரு தவறான கருத்து பரவலாக இருக்கிறது. திரை மூன்று மடங்கானால் மெமரியும் மூன்று மடங்கு வேண்டுமாம். அப்படி இல்லை. எங்கள் மூன்று திரைக்கான ஒரு முழுப் படம் பிடிக்கும் இடம் 44 மெகாபைட்தான். ஆழம், வெளிச்சம், முந்தைய படம் என்று இப்படிப் பல பிரதிகளை கேம் வைத்திருக்கும் என்றாலும், மெமரியில் பெரும்பகுதியை அடைப்பது சாலை, கார், மரங்களின் மேல் ஒட்டும் படங்கள். திரை எத்தனை ஆனாலும் அவை அதேதான். 16 ஜிகாபைட் இருந்தால் கவலைப்பட வேண்டாம் என்பது என் கணிப்பு.

பிராசஸரைத்தான் மக்கள் குறைத்து மதிப்பிடுகிறார்கள். இந்தக் காரை வரை, இந்த மரத்தை வரை என்று கார்டுக்கு உத்தரவு போடுவது பிராசஸர். ஒற்றை கேமரா என்றால் ஒரு சுற்று உத்தரவு. மூன்று கேமரா என்றால், கேமைப் பொறுத்து, மூன்று சுற்று. நடவுக்கு ஆள் நிறைய இருந்தும், நாற்றுக் கட்டை எடுத்துக் கொடுப்பவர் ஒருவரே என்றால் எல்லாரும் வரப்பில் நிற்க வேண்டியதுதான். 2016-ல் கார்டு தயாரிக்கும் என்விடியா நிறுவனம் ஜிடிஎக்ஸ் 1080 கார்டுடன் ஒரு வழி கொண்டுவந்தது: பொருள்களின் வடிவத்தை ஒரே முறை வாங்கிக்கொண்டு, கார்டே அதைப் பல கோணங்களில் வரைந்துகொள்ளும். கேம் அதற்கு ஏற்ப எழுதப்பட்டிருந்தால்தான் பயன்.

இன்னொரு வழி, பிராசஸருக்கு அருகிலேயே பெரிய கேஷ் மெமரி. சமையலறையில் அஞ்சறைப் பெட்டி அடுப்புக்குப் பக்கத்திலேயே இருக்கும். கடுகுக்கும் சீரகத்துக்கும் ஒவ்வொரு தடவையும் ஸ்டோர் ரூமுக்கு நடந்தால் தாளிப்பு கருகிவிடும். பிராசஸருக்கு ராம் எனும் கணினியின் பொது மெமரிதான் அந்த ஸ்டோர் ரூம். ஏஎம்டி நிறுவனம் கேஷைச் சில்லின் மேல் இன்னொரு மாடியாக அடுக்கி, ரைசன் 7 7800எக்ஸ்3டி பிராசஸரில் மூன்றாம் நிலை கேஷை 96 மெகாபைட் ஆக்கியது. அதே தலைமுறையின் சாதாரண எட்டு கோர் ரகத்தில் அது 32 மெகாபைட். பந்தய கேமில் இருபது முப்பது கார்களின் டயர், சஸ்பென்ஷன் எல்லாவற்றையும் ஓயாமல் கணக்கிட வேண்டியிருப்பதால், பெரிய அஞ்சறைப் பெட்டி நன்றாகவே உதவுகிறது. 

மூன்று திரை ஆசை புதிதில்லை. 1993-ல் வந்த டூம் கேமின் முதல் பதிப்புகளில், மூன்று கணினிகளை நெட்வொர்க்கில் இணைத்து, ஒன்றை இடக் கண்ணாகவும் ஒன்றை வலக் கண்ணாகவும் வைக்க வழி இருந்தது. 2002-ல் மேட்ராக்ஸ் நிறுவனத்தின் பார்ஹீலியா கார்டு மூன்று திரையை ஒரே கார்டில் கொண்டுவந்தது. 2009-ல் ஏஎம்டியின் ஐஃபினிட்டி என்ற பல திரை வசதி வந்த பிறகுதான் இது பரவலானது. மறு ஆண்டு என்விடியா போட்டிக்கு வந்தபோது மூன்று திரைக்கு இரண்டு கார்டு தேவைப்பட்டது. இன்றும் சிலர் "ரெண்டு கார்டு போட்டா நல்லதா?" என்று கேட்கிறார்கள். வேண்டாம். கார்டுகள் மாற்றி மாற்றி ஆளுக்கொரு படம் வரைந்த காலம் அது. இப்போதைய கேம்கள் முந்தைய படத்தின் விவரங்களை எடுத்தே அடுத்த படத்தை வரைவதால், ஒன்றுக்காக ஒன்று காத்திருக்க நேர்ந்து அந்த முறை செத்துவிட்டது. ஆர்டிஎக்ஸ் 4090-ல் இரண்டு கார்டுகளை இணைக்கும் கனெக்டரே கிடையாது.

எல்லாம் பூட்டி, முதல் முறை ஓட்டியபோது பையன் சொன்னான்: "சித்தப்பா, இடது பக்கம் மட்டும் விட்டு விட்டு ஓடுது."

கிட்டே போய்ப் பார்த்தேன். நடுத் திரையில் தண்ணீர் போல ஓடிய வேலிக் கம்பங்கள், இடது திரைக்குள் நுழைந்ததும் தவ்வித் தவ்விப் போயின. காரணத்தைத் தேடி அரை மணி நேரம் போனது. இரண்டு மானிட்டர்களை டிஸ்ப்ளே போர்ட் கேபிளில் இணைத்திருந்தோம். மூன்றாவதற்குக் கேபிள் குறைந்ததால் வீட்டில் கிடந்த எச்டிஎம்ஐ கேபிளைச் செருகியிருந்தான். அந்த மானிட்டரின் எச்டிஎம்ஐ போர்ட் பழைய 1.4 வகை. கணக்கு எளிது: ஒரு பிக்சலுக்கு 24 பிட், 2560க்கு 1440, விநாடிக்கு 144 முறை. பெருக்கினால் விநாடிக்கு 12.7 ஜிகாபிட். எச்டிஎம்ஐ 1.4-ல் படத்துக்காகப் போகக்கூடியது 8.16 ஜிகாபிட். அதனால் அந்தத் திரை மட்டும் சத்தமில்லாமல் 60 ஹெர்ட்ஸுக்கு, அதாவது விநாடிக்கு 60 படத்துக்கு இறங்கிவிட்டது. டிஸ்ப்ளே போர்ட் 1.4-ல் ஏறத்தாழ 26 ஜிகாபிட் போகும். மறுநாள் கேபிள் வாங்கி வந்து மாட்டியதும் சரியாகிவிட்டது. மூன்று மானிட்டரும் ஒரே மாடலாக, ஒரே வகைப் போர்ட்டில், ஒரே ஹெர்ட்ஸில் இருக்க வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

மின்சாரம். ஆர்டிஎக்ஸ் 4090-க்கு 450 வாட் வரை வேண்டும். அதற்குள் போவது 12 வோல்ட், ஆகவே 37.5 ஆம்பியர். நம் வீட்டு ஏசி பிளக்கே 16 ஆம்பியர்தான். இவ்வளவு மின்னோட்டமும் விரல் நீளம்கூட இல்லாத ஒரு கனெக்டரில், ஆறு சிறிய பின்கள் வழியே பாய்கிறது. பின் சரியாகப் பொருந்தாவிட்டால் தொடும் இடத்தில் மின்தடை கூடும். மின்னோட்டம் இரட்டித்தால் அங்கே வெப்பம் நான்கு மடங்காகும். 2022-ல் இந்தக் கார்டு வந்த புதிதில் சிலருடைய கனெக்டர்கள் உருகியதற்கு, முழுதாகச் செருகாதது ஒரு முக்கியக் காரணமாகக் கண்டறியப்பட்டது. இடைவெளி தெரியாத அளவுக்கு அழுத்திச் செருகி, டார்ச் அடித்துப் பார்த்த பிறகே ஸ்விட்சைப் போட விட்டேன். எஸ்.எம்.பி.எஸ். 1000 வாட். வீட்டில் இருந்த 600 விஏ யூபிஎஸ்ஸில் இதை மாட்டலாமா என்று அண்ணி கேட்டார். அது தாங்குவது சுமார் 360 வாட். முழு வேகத்தில் கேம் ஓடும்போது கைவிட்டுவிடும்.

கார்டு 450, பிராசஸரும் மற்றவையும் 150, மானிட்டர்கள் சேர்ந்து ஏறத்தாழ 100. ஆக 700 வாட். இதில் ஒரு வாட்கூட வெளியே போவதில்லை, அத்தனையும் கடைசியில் அறைக்குள் வெப்பமாகத்தான் மாறும். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதர் வெளியிடும் வெப்பம் சுமார் 100 வாட். அந்தச் சிறிய அறையில் கூடுதலாக ஏழு பேர் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு டன் ஏசி வெளியேற்றும் வெப்பம் 3,500 வாட் என்பதால், அதன் வேலையில் ஐந்தில் ஒரு பங்கை இந்தக் கணினி எடுத்துக்கொள்ளும். கேபினெட்டில் எத்தனை ஃபேன் போட்டாலும் அவை செய்வது சூட்டைப் பெட்டியிலிருந்து அறைக்குத் தள்ளுவதுதான். கேபினெட்டின் முன்பக்கம் காற்று புகும்படி வலையாகத் திறந்திருப்பதும், பின்பக்கம் சுவரை ஒட்டாமல் ஒரு சாண் தள்ளியிருப்பதும் விளக்கு வைத்த விலையுயர்ந்த ஃபேன்களைவிட முக்கியம்.

வெப்பத்தைக் குறைக்க நாங்கள் கையாண்ட வழி, வரையும் பிக்சல்களையே குறைப்பது. படத்தை ஒவ்வொரு பக்கத்திலும் மூன்றில் இரண்டு பங்கு அளவில் வரைந்து, மீதியை முந்தைய படங்களின் உதவியோடு ஊகித்து நிரப்பும் டிஎல்எஸ்எஸ் முறை. வரைய வேண்டிய பிக்சல்கள் 44 சதவீதமாகிவிடும். பக்கத்துத் திரைகளில் வித்தியாசம் அவனுக்குத் தெரியவே இல்லை. ஓரக்கண் துல்லியம் பார்ப்பதில்லையே.

அன்று இரவு அவன் பின்னால் நின்று பார்த்தேன். கூர்மையான இடது வளைவு ஒன்று வந்தது. ஸ்டியரிங்கைத் திருப்புவதற்கு முன்பே அவன் தலை தானாக இடப்பக்கம் திரும்பி, பக்கத்து மானிட்டரில் வளைவின் உள்முனையைத் தேடியது.