குளோஷர்: மூடலா, முற்றா?

பிரிவைப் பற்றிய படங்களில் தவறாமல் வரும் வசனம்: "எனக்கு ஒரு குளோஷர் வேணும்." முடிந்துபோன ஒன்றை மனசும் முடித்துக்கொள்வதைத்தான் ஆங்கிலத்தில் குளோஷர் (closure) என்கிறார்கள். சப்டைட்டிலில் 'மூடல்' என்று போட்டால் கடைக்குப் பூட்டுப் போட்டதுபோல் இருக்கும். 'முடிவு' என்றாலும் ஒட்டாது. உறவுதான் முடிந்துவிட்டதே, மனசு அல்லவா முடியாமல் கிடக்கிறது!

இந்த ஆங்கிலச் சொல்லின் வேர், அடைத்தலைக் குறிக்கும் 'கிளாவுதெரே' என்ற இலத்தீன் வினை. மூடிய இடத்துக்கு அஞ்சும் கிளாஸ்ட்ரோஃபோபியாவும் அதே குடும்பம். பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது வேலி, அடைப்பு என்றே பொருள். உளவியலில் இதற்கு இடம் தந்தவர்கள், துண்டுகளாக அல்ல முழு உருவமாகவே நாம் காண்கிறோம் என்ற ஜெர்மனியின் கெஸ்டால்ட் அறிஞர்கள். ஓரிடத்தில் அறுந்த வட்டத்தையும் கண் முழு வட்டமாகவே பார்க்கிறது; 1923இல் மாக்ஸ் வெர்தைமர் விளக்கிய காட்சி விதிகளில் இதுவும் ஒன்று. பாதியில் நிறுத்திய வேலைகளே கூடுதலாக நினைவில் நிற்கின்றன என்று 1927இல் உளவியலாளர் புளூமா சைகார்னிக் எழுதினார். பின்னால் நடந்த மறுசோதனைகளில் பல அதற்கு ஒத்துவரவில்லை. ஆனாலும் காதல் முறிவைப் பேசுகிறவர்கள் அவரை விடுவதாக இல்லை.

தமிழில் இதற்கான சொல் இலக்கணத்திலேயே இருக்கிறது. 'வந்தான்' முற்று. 'வந்து' எச்சம், இன்னொரு வினை வந்து சேரும்வரை காத்து நிற்கும். எச்சம் என்றால் மிச்சமும்தான். பிரிவுக்குப் பின் தங்கிவிடும் உணர்வு எச்சம் என்றால், குளோஷரை 'மனமுற்று' எனலாம்.

கட்டுரைக்கு இது சரி. வசனத்தில் யாரும் இப்படிப் பேசமாட்டார்கள். பாத்திரம் காரணம் கேட்கிறதென்றால் "ஏன்னு தெரியணும்", வலி தீரத் தவிக்கிறதென்றால் "மனசு ஆறணும்". இங்கே 'ஆறுதல்' என்று எழுதிவிடக்கூடாது. ஆறுதல் அடுத்தவர் சொல்வது, ஆறுவது புண்போலத் தானாக நடப்பது.

அமைதியான உளவியல் படங்கள் எச்சத்திலேயே நின்றுவிடும். ஒருத்தி கைபேசியில் ஒரு வரி அடிக்கிறாள், அழிக்கிறாள், மறுபடி அடிக்கிறாள், அனுப்பவில்லை. அங்கேயே வெட்டினால் அது வெறும் தகவல். திரை மங்கித் தானாக அணையும்வரை ஷாட்டை நிறுத்தினால்தான் அவள் தயக்கம் நமக்கும் தொற்றும். பலர் கெடுப்பது பின்னணி இசையில். மெட்டு அதன் அடிப்படைச் சுரமான ஆதார ஷட்ஜத்தில் ('ஸ') வந்து அமர்ந்தால், கதை தராத முற்றைக் காது கேட்டுவிடும். அதற்கு முந்தைய சுரத்திலேயே இசையை அறுத்து, அறையின் சத்தத்தை மட்டும் ஓடவிட வேண்டும்.